கிளாரினெட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறேன். இன்று அது பெரிய குற்றமில்லை. பாதி ஊர் அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறது. நான் சொன்னது எண்பதுகளின் கடைசியில், தர்மபுரியில். அப்போது நான் நூலகத்தில் வேலை பார்த்தேன். எங்களிடம் கம்ப்யூட்டர் பற்றி ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அதற்கு வரிசை எண் எழுதி, முதுகில் சீட்டு ஒட்டி, அலமாரியில் நிற்க வைத்தவன் நான். ஒரு புத்தகத்தோடு அவ்வளவு பழகியிருந்தால் போதும் என்று அந்த வயதில் தோன்றியது.

பொய்யைக் கேட்டுக்கொண்டவர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம், கழுத்தில் ஒரு நாடா. நாடாவின் முனையில் சிலுவை இருக்கும் என்று பார்த்தால் கத்தரிக்கோல்.

"இங்க யாருக்காவது கம்ப்யூட்டர் தெரியுமா?"

"எனக்குத் தெரியுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "மைக்கை ஆடாம பிடிக்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அது போதும். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே? ரெண்டு மணிக்கு வந்துடுங்க."

அவர் ஜெர்மனியில் ஆபரேஷன் அறையில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊர் அவரைச் சிஸ்டரம்மா என்றது. அவர் கன்னியாஸ்திரி இல்லை என்பதால் மடத்துச் சிஸ்டர்களுக்கு அதில் லேசான வருத்தம். அதியமான்கோட்டையில் பெங்களூர் ரோட்டை ஒட்டிய வீடு. கீழே தம்பி குடும்பம், மாடியில் இவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அதுக்கு முன்னாடி ஆறு மாசம் பேசணும், அதுக்கப்புறம் அறுபது வருசம் பேசணும்" என்று பதில் சொன்னதாகக் கேள்வி.

வெட்டுவதுதான் அவர் குணம். அவருடைய ஒரே தத்துவம், "தலையும் வாலும் வேண்டாம்." பீன்ஸை அந்தக் கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நறுக்கிப் போடுவார். ரொட்டியின் ஓரம் காக்காய்க்கு. பெங்களூரில் இருந்த தங்கையிடமிருந்து கடிதம் வந்தால் 'நலம், நலமறிய ஆவல்' பகுதியை வெட்டிவிடுவார். கீழே 'இப்படிக்கு அன்புள்ள' பகுதியும் போகும். நடுவில் இருக்கும் செய்தியை மட்டும் நூல் கட்டி வைப்பார். சில கடிதங்கள் பஸ் டிக்கெட் அளவுக்கு மிஞ்சியதை நானே பார்த்திருக்கிறேன். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் ஜெபத்தை நிதானமாக ஆரம்பித்ததும் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஃபாதர், நடுவுல இருக்கறதை மட்டும் சொல்லுங்க" என்றாராம். ஃபாதர் சொல்லிவிட்டுப் போனாராம்.

இவரிடம்தான் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. ஜெர்மனியில் பக்கத்து வீட்டில் யாரோ புதிது வாங்கியதும் பழையதை இவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கம்பளிகளுக்கு நடுவில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். விசைப்பலகையும் உடம்பும் ஒன்றாக இருக்கும் ஒரு வெளிறிய பெட்டி. டிவியில் சொருகினால் படம் வரும்.

அதற்குள் பாட்டுச் செய்யும் புரோகிராம் ஒன்று இருந்தது. திரையில் நாலு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் எழுத்தும் எண்ணுமாக வரிகள், பஸ் ஸ்டாண்டு நேரப் பலகை மாதிரி. ஓடவிட்டால் அந்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறும். நடுக்கோட்டைத் தொடும்போது அந்த வரியில் எழுதிய ஸ்வரம் கேட்கும். எதுவும் எழுதாத வரியில் எதுவும் கேட்காது. வாத்தியம் அதிலேயே கிடையாது. வெளியே இருந்து பிடித்துப் போட வேண்டும். பின்னால் தீப்பெட்டி போல ஒரு சிறு கருவி, அதில் மைக். யாராவது மைக்கில் ஒரே ஒரு ஸ்வரம் வாசித்தால் அது நேராகப் புரோகிராமுக்குள் போய்த் திரையில் மலைத்தொடர் மாதிரி கோடாக நிற்கும். கோட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அங்கேயே வெட்டிவிடலாம். மிஞ்சிய ஒரு நொடியை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் முழுப்பாட்டாக்கலாம். வேண்டுமானால் நடுவில் ஒரு துணுக்கைச் சுழலவிட்டு, ஸ்வரம் முடியாமலே நீளும்படி செய்யலாம். வெட்டியதைப் பெட்டி எங்கேயும் எடுத்து வைக்காது. அந்த நொடியோடு சரி.

சிஸ்டருக்கென்றே யாரோ செய்த மாதிரி இருந்தது.

காரணமும் இருந்தது. மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். பாடகர் குழு துணையில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் அவருடைய கம்பெனி மூடிப்போக வேண்டும் என்றும் சேர்த்து ஜெபித்தார்கள். சிஸ்டர் ஊரில் இருக்கும் வாத்தியங்களை ஒவ்வொரு ஸ்வரமாகப் பெட்டிக்குள் பிடித்து, பாட்டுகளைச் செய்து, கேசட்டில் ஏற்றிக் கோயிலுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கணக்கு உண்டு. அந்த ரோட்டில் லாரிகள் ஓயாது. ஆனால் இரண்டு மணி வாக்கில் டிரைவர்கள் கீழே ரோட்டோரம் இருந்த சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்கள். அந்த அரைமணி நேரம்தான் ஏர்ஹாரன் இல்லாத நேரம். மாடியில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை பெட்டியையும் டிவியையும் கோயிலுக்கே தூக்கிப்போய் மணியைப் பிடித்தோம். மணி ஒலிக்கு முன்னால் வந்த கயிற்றின் முனகலை வெட்டினார். பேண்டு செட்டின் பெரிய டிரம்மைப் பிடித்தோம். அடிப்பவர் தொண்டையைச் செருமியதை வெட்டினார். "மணியைப் பெட்டியில போட்டாச்சு. என்னை எப்போ போடறதா உத்தேசம்?" என்றார் ஃபாதர். "நீங்க பெருசு ஃபாதர், இடம் பத்தாது" என்றார் சிஸ்டர்.

கிளாரினெட்காரர் வந்தது அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. கல்யாணம், சாவு, தேர் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் கிளாரினெட் என்றால் அவர்தான். ஒடிசலான மனிதர். பேண்டு செட்டின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். நான் பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததைப் பிடித்து, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து மைக்கைப் பிடித்தேன்.

"எந்தப் பாட்டுங்க?" என்றார் அவர்.

"பாட்டு வேண்டாம். ஒரே ஒரு ஸ்வரம். ஒரு நொடி."

"ஒண்ணுக்கா இவ்ளோ தூரம் கூப்டீங்க?"

வாசித்தார். முடிக்கும்போது கீழே எவனோ ஹாரனை அலறவிட்டான். கரண்ட் போய்விடும் பயத்தில் சிஸ்டர் எதையும் முதலில் ஃபிளாப்பியில் ஏற்றிவிடுவார். ஏற்றிவிட்டுத்தான் போட்டுக் கேட்டார். ஸ்வரத்துக்கு முன்னால் பெரிதாக ஒரு மூச்சு, பின்னால் லாரி.

"என்னங்க இது, மூச்சு இப்படிக் கேக்குது? மூச்சுச் சத்தம் இல்லாம வாசிங்க."

கிளாரினெட்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. "மூச்சில்லாம வாசிக்கறதுக்கு இன்னும் நாள் கெடக்குதுங்க சிஸ்டரம்மா," என்றார். "சரி, அடக்கி வாசிக்கறேன்."

இரண்டாவது சுத்தமாக வந்தது. சிஸ்டர் தலையையும் வாலையும் வெட்டினார். முதல் ஃபிளாப்பியை என்னிடம் கொடுத்து, "இதை அழிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு அவரை வழியனுப்பப் போனார்.

எனக்கு அழிக்கத் தெரியாது. இரண்டு மூன்று விசைகளைத் தட்டினேன். பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். ஃபிளாப்பியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சிஸ்டர் வந்ததும், "அது கெட்டுப்போச்சுங்க, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். அந்தக் காலத்தில் தர்மபுரியில் ஃபிளாப்பி கிடைக்காது. அவரிடம் இருந்ததே ஏழு. முகம் வாடினாலும், "போவுது" என்று பேச்சை வெட்டிவிட்டார். மறுநாள் அதை நூலகத்தில், சட்டசபை நடவடிக்கைத் தொகுதிகளுக்குப் பின்னால் வைத்தேன். உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

அடுத்த வாரம் பூசையில் கேசட்டைப் போட்டார்கள். கிளாரினெட்காரர் கதவோரம் நின்று கேட்டார். அவருடைய ஒரு நொடி, அவர் வாசித்தே இராத ஒரு பாட்டை, அவர் எந்நாளும் வாசிக்காத வேகத்தில், ஒரு பிசிறு இல்லாமல் வாசித்துக்கொண்டே போனது. வெளியே வந்தபோது அவரிடம், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"என் பல்லு மாதிரிதாங்க இருக்குது," என்றார். "ஆனா வேற யாரோ வாயில."

இரண்டு வாரம் கழித்துச் சேலத்தில் ஒரு சாவுக்கு வாசித்துவிட்டு லாரியில் திரும்பியபோது, தொப்பூர்க் கணவாயில் அந்த லாரி கவிழ்ந்தது. கிளாரினெட் பெட்டி தனியாகத் தெறித்து ஒரு புதரில், பூட்டுக்கூடத் திறக்காமல் கிடந்ததாம். பேண்டு செட் அவரைக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போனது. டிரம் இருந்தது, டிரம்பெட் இருந்தது. பாட்டு போக வேண்டிய இடத்தில் ஓட்டை.

பத்து நாள் கழித்து அவர் மனைவி மாடிக்கு வந்தார். பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் வேலை; விரல் நுனியெல்லாம் கருப்பு. "எங்க வூட்டுக்காரரு சத்தம் உங்க பெட்டியில இருக்குதுன்னாங்க," என்றார். "ஒருக்கா கேக்கலாங்களா?"

சிஸ்டர் மறுவாரம் வரச் சொன்னார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, கிளாரினெட்காரர் எந்தச் சாவு ஊர்வலத்திலும் கடைசியாக வாசிக்கும் மாதா பாட்டை வரி வரியாக அடித்தார். அந்த அம்மா வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு முறை கேட்டார். அழவில்லை. திரையில் ஏறும் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதுங்க," என்றார். "ஆனா இது நிக்கவே மாட்டேங்குதுங்களே. அவரு ரெண்டு வரிக்கு ஒருக்கா மூச்சு வாங்குவாரு."

கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சிஸ்டர் டிவியை நிறுத்தினார். பிறகு, "நான்தான் வெட்டினேன்" என்றார். "நான்தான் மூச்சில்லாம வாசிக்கச் சொன்னேன்."

"மெமரிக்கு இடம் வேணும்னுதானே சிஸ்டர்," என்றேன். கம்ப்யூட்டர் தெரிந்தவனாயிற்றே.

"எவ்வளவு இடம்? அரை நொடி."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஏதோ இடம் மாறிவிட்டது. போகிற வெள்ளிக்கிழமையெல்லாம் சிஸ்டர் ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். எங்காவது வெட்டாமல் விட்டது, மேலே வேறொன்றை எழுதாமல் மறந்தது. அந்த ஒரு நொடியைச் சுழலவிட்டு, முடிவே இல்லாத ஒற்றை ஸ்வரமாக ஓடவைத்து, அதன் ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்டு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். கீழே இறக்கி வாசிக்கவிட்டால் நொடி இரண்டு நொடியாக நீளும். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல இருக்கும். "இன்னும் நீட்டலாம்," என்பார். "நீட்ட நீட்ட அவர் இல்லாம போயிடறார்." சாப்பாட்டுக் கடையில் டிரைவர்கள் தலையைத் தூக்கி, "யார் வூட்ல சாவு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர் முதலில் விளக்கம் சொன்னார். பிறகு, "மேல" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதாகச் சிஸ்டரின் தம்பியிடம் முறையிட்டாராம்.

ஒருநாள் எனக்குச் சாப்பாடு போட்டார். பொரியலில் பீன்ஸ் வாலோடு கிடந்தது. தங்கை கடிதம் மேஜைமேல் முழுசாக இருந்தது, நலமறிய ஆவலோடு. கத்தரிக்கோல் ஆணியில் தொங்கியது. ஆள் பாதியாகியிருந்தார்.

"கல்லறைத் திருநாளுக்கு அந்தப் பாட்டைப் போடணும்கறார் ஃபாதர்," என்றார். "எல்லாரும் இருப்பாங்க. அந்த அம்மாவும் இருப்பாங்க. மூச்சில்லாத மனுசனை எப்படிங்க அவங்க முன்னாடி வாசிக்க விடறது?"

அப்போதுதான் எனக்குச் சட்டசபை ஞாபகம் வந்தது.

மறுநாளே அந்த ஃபிளாப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கெட்டுப்போகவில்லை, அழிக்கத் தெரியாமல் ஒளித்து வைத்தேன் என்பதையும் சொன்னேன். வாழ்க்கையில் என் அறியாமை ஒருவருக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது. அதனால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே சொன்னேன். அவர் திட்டவில்லை. அதைப் பெட்டிக்குள் போட்டார்.

மூச்சு வந்தது. ஸ்வரம் வந்தது. லாரி வந்தது.

மறுபடி போட்டார். இம்முறை மூச்சு மட்டும். அதில், இழுக்கும்போது நடுவில் ஒரு மெல்லிய விசில்.

அந்த விசிலை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிது, தினமும் காலையில் என் மனைவி, "ராத்திரி பூராவும் குக்கர் வெச்சீங்களே, இறக்கினீங்களா?" என்று கேட்பது இதைத்தான். பஸ்ஸுக்கு ஓடி, படி தாண்டி, மைக்கை என் மூக்குக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கிளாரினெட்காரர் எதற்குச் சிரித்தார் என்பது அப்போது புரிந்தது. என் மூச்சுக்கு அவர் திட்டு வாங்கிக்கொண்டார்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சிஸ்டர் டிவியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பது போல. "இருக்குது," என்றார். "இருக்குதுங்க." வாயை மூடிக்கொண்டேன். மூக்கால் மூச்சு விடவும் பயமாக இருந்தது.

லாரியை மட்டும் நீக்கி, அந்த மூச்சை இரண்டு வரிக்கு ஒருமுறை பாட்டில் வைத்தார். அவர் எதையோ வெட்டாமல் சேர்த்ததை அன்றுதான் பார்த்தேன்.

கல்லறைத் திருநாளன்று சாயந்திரம், மெழுகுவத்திகளுக்கும் சாமந்திப் பூவுக்கும் நடுவில், புளிய மரத்தில் கட்டிய கோன் ஸ்பீக்கரில் பாட்டு ஒலித்தது. கிளாரினெட் இரண்டு வரி வாசித்தது. நின்றது. நான் மூச்சு இழுத்தேன். ஆனால் நான் கூட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், மூச்சு மரத்திலிருந்து வந்தது. கிளாரினெட் தொடர்ந்தது. பாட்டு முடிந்ததும் சிஸ்டர் அந்த அம்மாவைத்தான் பார்த்தார். அவர் வந்து சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பதாங்க அவரு," என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கத்தரிக்கோல் கழுத்துக்கு வந்துவிட்டது. பீன்ஸுக்கு வால் இல்லை.

அதன்பின் வருடாவருடம் அந்தக் கேசட்டைப் போட்டார்கள். எனக்கும் கிறிஸ்தவத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தவறாமல் போனேன். உயிரோடு இருக்கும்போதே கல்லறைத் தோட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சு விடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வருடம் ஏற ஏறக் கேசட் தேய்ந்தது; கிளாரினெட் மங்கியது, மூச்சு மட்டும் என்னவோ தெளிவாகிக்கொண்டே வந்தது போல எனக்கு இருந்தது. செத்தவர் என் மூச்சை வைத்துக்கொண்டாரா, என் மூச்சு செத்தவரிடம் போய்விட்டதா என்றெல்லாம் யோசித்துப் பல பக்கம் எழுதிக் கிழித்திருக்கிறேன். மனதில் ஒரு தியாகியின் கனம். செத்தவரையும் சேர்த்து மூன்று பேர் நிம்மதிக்காக ஒரு ரகசியத்தைத் தனியாகச் சுமக்கிறோமே என்று.

பிறகு ஒரு வருடம் கேசட் சிக்கி நாடா அறுந்துவிட்டது. அதற்கும் சில வருடம் கழித்துச் சிஸ்டர் போய்விட்டார். எதையும் போல அதையும் சட்டென்று முடித்துக்கொண்டார். காலையில் காப்பி குடித்தவர் மத்தியானத்துக்கு இல்லை.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில் கிளாரினெட்காரர் மனைவி இரண்டு கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டுவந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சிஸ்டர் இல்லை, இனி யாருக்கும் வலிக்காது என்று துணிந்து பக்கத்தில் போனேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. ரொம்ப வருசமா மனசுல இருக்குது. அந்தப் பாட்டுல வர்ற மூச்சு உங்க வூட்டுக்காரரோடது இல்லைங்க. என்னோடது."

காற்றில் அணையாமல் திரியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "தெரியுங்களே," என்றார்.

"எப்படிங்க?" என்றேன்.

"அவரு மூச்சு வாங்கறது பக்கத்துல படுக்கற எனக்கே கேக்காதுங்க. நான் என்ன மூச்சையா கேட்டேன்? நடுவுல கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வாசிச்சா அவரு மாதிரி இருக்கும்னு சொன்னேன். அதுக்குள்ள அந்தம்மா எளைச்சுத் துரும்பாப் போயிட்டாங்க. வந்து மூஞ்சியையே பாக்கறாங்க. அப்புறம் எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

திரையில் நாலு வரியைக் காலியாக விட்டிருந்தால் போதும், பாட்டு தானாக நின்றிருக்கும். அதற்குக் கம்ப்யூட்டர்கூடத் தெரிய வேண்டியதில்லை.

மெழுகுவத்தி நின்று எரிய ஆரம்பித்ததும் அந்த அம்மா நிமிர்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இப்பவும் அந்த விசில் வருதுங்களே," என்றார். "இத்தனை வருசத்துல ஒருக்காகூட மூக்கை யாருகிட்டயும் காட்டலீங்களா?"